நாணயம் என்பதன் இரு பொருள்

நாணயம் என்னும் சொல் நம் வழக்கில் இரு பொருள் தந்து நிற்பதை நம்மவர் யாவரும் அறிவர். கடைப்பெட்டியில் ஒலிக்கும் காசும் நாணயமே. கொடுத்த வாக்கைக் காக்கும் குணமும் நாணயமே. ஒருவரைக் குறித்து, "அவர் நாணயமானவர்" என்று ஊரார் சொல்லின், அவரிடம் பொருள் மிகுதியாக உண்டு என்பது கருத்தன்று. அவர் சொல்லை நம்பிப் பொருளைக் கொடுக்கலாம் என்பதே கருத்து. "நாணயங் கெட்டவன்" என்னும் பழியோ, வாணிகம் செய்வானுக்கு வறுமையினும் கொடிது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியது தற்செயலோ, அன்றிக் காரணம் உடையதோ என்பதை வரலாற்றின் வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

காசைக் குறிக்கும் "நாணகம்" என்னும் வடசொல்லே நம் நாட்டில் நாணயம் என வழங்கலாயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். காசின் பெயர் குணத்தின் பெயராக வளர்ந்த வழியை ஊகித்தல் அரிதன்று. நல்ல காசு என்பது எடை குறையாதது, மாற்றுக் குறையாதது, கொடுத்த இடத்தில் மறுக்கப்படாதது. நல்ல மனிதனும் அத்தகையனே. "செல்லாக் காசு" என்று மனிதனையே இகழும் வழக்கும் நம்மிடம் உண்டன்றோ? காசைக் கொண்டு மனிதனை அளந்தனர் நம் முன்னோர்; மனிதனைக் கொண்டு காசையும் அளந்தனர். அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

காசு செய்யும் தொழில்கள்

பொருளியல் வல்லார் காசுக்குத் தொழில் நான்கு என்று வகுப்பர். பண்டங்களை மாற்றிக் கொள்ள இடைநின்று உதவுதல் ஒன்று. பண்டங்களின் விலையை அளக்கும் கோலாக நிற்றல் ஒன்று. ஈட்டியதைப் பின்னாளுக்குச் சேமித்து வைக்கும் கருவியாதல் ஒன்று. இன்று பட்ட கடனைப் பின்னொரு நாள் தீர்க்கும் அளவாதல் ஒன்று. இந்நான்கையும் இன்று ஒரு ரூபாய் நோட்டே செய்துவிடுவதால், இவை வெவ்வேறு தொழில்கள் என்பதையே நாம் மறந்துபோயினோம். பண்டை நாளில் இத்தொழில்களை வெவ்வேறு பொருள்கள் செய்தன. உப்பு வண்டியை ஓட்டிச் சென்ற உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைக் கொண்டனர். ஆங்கே நெல்லே காசு. செல்வத்தை அளக்கவும் சேர்க்கவும் ஆநிரையும் பொன்னும் உதவின. பொன்னை நிறுத்தற்குக் குன்றிமணியும் மஞ்சாடியும் கழஞ்சும் நின்றன. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. காட்டுச் செடியின் வித்து ஒன்று ஒரு நாட்டின் செல்வத்துக்கெல்லாம் அடிப்படை எடையாக நின்றது எண்ணி மகிழத்தக்கது.

மன்னர் பெயர் பொறித்த காசுகளும் அக்காலத்திலேயே தமிழகத்தில் வழங்கின. "பெருவழுதி" என்று எழுத்துப் பொறித்த பாண்டியர் செப்புக் காசும், "மாக்கோதை", "கொல்லிப்புறை" எனப் பெயர் தாங்கிய சேரர் காசுகளும் கிடைத்துள்ளன. எனினும், கடல் கடந்த வாணிகத்துக்கு உதவியவை பெரும்பாலும் உரோமாபுரியின் பொற்காசும் வெள்ளிக்காசுமே. கொங்கு நாட்டிலும் கரூரிலும் அவை குவியல் குவியலாகக் கிடைத்தன. 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த ஒரு புதையலில் மட்டும் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்சு நாணயத்தை உரோமாபுரியினின்று ஈர்த்துக்கொள்கிறது என்று பிளினி என்னும் உரோமாபுரி அறிஞர் முறையிட்டுக் கொண்டதும் அந்நூற்றாண்டிலேதான்.

இங்கே நோக்கத்தக்கன இரண்டு. முதலாவது, அப்புதுக்கோட்டைக் காசுகளிற் பல, பேரரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டுண்டு காணப்படுகின்றன. வெட்டியவர் கருத்து இன்னதென்பதில் அறிஞரிடை வேறுபாடு உண்டு. ஆயினும், இங்கு வந்தபின் அவை பேரரசனின் காசாக மதிக்கப்பெறாமல் பொன்னாகவே மதிக்கப்பெற்றன என்பது பலர் கொள்கை. தொலைவில் உள்ள அரசனின் முகம் இந்நாட்டு வணிகனுக்குப் பிணையாகாது, எடையே பிணை.

இரண்டாவது, கி. பி. 64-ஆம் ஆண்டளவில் நீரோ என்னும் உரோமப் பேரரசன் தன் நாட்டு வெள்ளிக்காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். தென்னாட்டில் கிடைத்த வெள்ளிக்காசுப் புதையல்களை ஆராய்ந்தால், நீரோவுக்கு முற்பட்ட அகஸ்தஸ், திபேரியஸ் என்னும் இருவர் காலத்துக் காசுகளே பெரும்பான்மையாக உள்ளன. தரங் குறைந்த புதுக் காசை இந்நாட்டு வணிகர் விரும்பாமல் பழைய நற்காசையே நாடினர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். காசை நோட்டம் பார்ப்போரை வண்ணக்கர் என்று அந்நாளில் அழைத்தனர். சங்கப் புலவருள்ளும் அப்பெயர் தாங்கினோர் உளர். உலகாண்ட பேரரசன் தன் குடிகளைத் தன் ஆணையால் வாய்மூடச் செய்யலாம். கடலுக்கு இப்பால் தராசும் உரைகல்லும் கொண்டு அமர்ந்திருந்த ஒரு வண்ணக்கனை வாய்மூடச் செய்ய அவனால் இயன்றிலது.

சாவா மூவாப் பேராடு

அடுத்துச் சோழர் காலத்தை நோக்குவோம். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்கள் சமயத்துக்கு மட்டுமன்றிப் பொருளியலுக்கும் ஒரு பெருங் கணக்கேடு ஆகும். அக்கோயிலுக்கு அளிக்கப்பெற்ற பொன்னை நிறுத்த கல்லுக்கு "ஆடவல்லான்" என்றும், மணிகளை நிறுத்த கல்லுக்கு "தட்சிணமேரு விடங்கன்" என்றும் பெயர். இறைவன் திருப்பெயரையே எடைக்கல்லுக்கு இட்டமை, எடையிற் பிழைசெய்தல் இறைவனுக்குப் பிழைசெய்தலாகும் என்னும் கருத்தை நமக்கு உணர்த்துவதாம்.

அக்கோயிற் பொருள் பண்டாரத்தில் பூட்டப்பட்டுக் கிடக்கவில்லை. ஊர்ச்சபையாரிடம் காசு கடனாகக் கொடுக்கப்பெற்றது. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊரார் வட்டியை நெல்லாகவும் அளந்தனர். கடன் முதல் திரும்ப வேண்டுவதில்லை. சந்திர சூரியர் உள்ளளவும் வட்டி வந்துகொண்டிருத்தல் வேண்டும் என்பதே ஒப்பந்தம். கடன் வாங்கியவர் இறந்துபடுவர், அவர் மக்களும் இறந்துபடுவர், ஊர் இறவாது. ஆகவே, தனி மனிதனை நம்பாமல் ஊரை நம்பி முதல் ஈந்தனர்.

ஆடும் அவ்வாறே முதலாயிற்று. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க விரும்புவோர் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்புவிப்பர். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பர். ஆடு சாகும், மூக்கும். ஆயினும் குட்டிகள் ஈன்று மந்தை குறையாது நிற்றலால், அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டுக்கள் கூறும். இதனினும் சிறந்த முதலீட்டு இலக்கணம் பிற்காலப் பொருள்நூல்களில் உண்டோ என்பது ஐயமே. முதல் அழியாது, பயன் ஒழியாது. ஆனால் அம்மந்தையைச் சாவாமலும் மூவாமலும் காத்தது ஆட்டின் இயல்பு மட்டுமன்று. குட்டியை விற்றுத் தின்றுவிட்டு "ஆடு செத்தது" என்று சொல்லாத இடையனின் நாணயமே அதனைக் காத்தது.

வராகனும் ரூபாயும் உண்டியலும்

கும்பினியார் சென்னப்பட்டணத்தில் ஆண்ட காலத்தில் நட்சத்திர வராகன் என்னும் பொற்காசு செலாவணியில் இருந்தது. ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கும்பினிக் கணக்கு. அக்கணக்கில் "காஷ்" என்று அவர்கள் எழுதிய பெயர் நம் காசு என்னும் சொல்லின் திரிபே. ஏட்டிலே இவ்வளவு ஒழுங்காக நின்ற கணக்கு, தெருவிலே அவ்வாறு நிற்கவில்லை. ஊருக்கு ஊர் வேறு பணம். பழையதும் புதியதும், தேய்ந்ததும் வெட்டுண்டதும் எனப் பலவகை. ஒன்றை ஒன்றாக மாற்றச் சராப்புக் கடைக்குச் சென்றால் வட்டம் பிடிப்பர். கும்பகோணம் முதலிய நகரங்களில் இன்றளவும் காசுக்கடைத் தெரு என்னும் பெயர் அந்நாளை நினைவூட்டி நிற்கிறது. நெல் விற்ற குடியானவன் கையில் வந்த காசு, வரி செலுத்தும் இடத்துக்குச் செல்வதற்குள் தேய்ந்துவிடும். காசு தேயாவிடினும் அதன் மதிப்புத் தேயும்.

1818-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே அடிப்படை நாணயம் என விதிக்கப்பெற்றது. வராகன் ஒன்று மூன்றரை ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் முழுமைக்கும் 180 கிரெயின் எடையுள்ள ஒரே ரூபாய் வந்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் காகித நோட்டு வெளியிடும் உரிமையை அரசினர் கையிலேயே வைத்தது. பதினாறு அணாக் கணக்கு 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒழிந்து, நூறு காசுக் கணக்கு வந்தது.

காகிதம் பணமாவதை அரசினரே நமக்குக் கற்பித்தனர் என்று கருதுதல் பிழை. அவர்க்கு முன்னரே நம் நாட்டு வணிகர் உண்டியல் எழுதி வந்தனர். ஓர் ஊரில் பணத்தைக் கட்டி ஒரு சீட்டுப் பெற்று, தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம். வழியிற் கள்வர் பயமில்லை. பொதி சுமக்க மாடு வேண்டா. அச்சீட்டில் அரசன் முத்திரை இல்லை; பொன்னும் இல்லை. எழுதியவன் கையெழுத்து ஒன்றே உண்டு. அக்கையெழுத்துக்கு மதிப்பு உள்ளவரை அது பொன். இல்லையேல் வெறும் ஓலைத்துண்டு. கோயிலிற் காணிக்கை இடும் பெட்டிக்கும் உண்டியல் என்னும் பெயரே வழங்குதல் நோக்கத்தக்கது. இரண்டிலும் பணம் இடுபவன், அது சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்னும் நம்பிக்கையாலேயே இடுகின்றான்.

அந்நம்பிக்கை முறிந்தால் நேர்வது என்ன என்பதைச் சென்னை நகரம் 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டது. அர்பத்நாட் என்னும் பெயர்பெற்ற ஆங்கில வாணிக நிலையம் முறிந்துவிழ, அதில் சேமித்து வைத்திருந்த பல்லாயிரம் குடும்பங்கள் கைம்முதலை இழந்தன. அத்துயரத்தின் பின் விளைவாகவே, நம் நாட்டாரே நடத்தும் வங்கி ஒன்று வேண்டுமென்னும் எண்ணம் எழுந்து, 1907-ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றிற்று.

இல்லத்தில் காசு

சந்தையில் மட்டுமன்றி இல்லத்திலும் காசுக்குப் பல தொழில்கள் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் வாங்குதல் விற்றல் அன்று. பிள்ளைக்கு நோய் கண்டால் தாய் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிறாள். அக்காசு செலவுக்கு அன்று, தெய்வத்துக்குக் கொடுத்த வாக்குக்கு அடையாளம். வீடு விலை பேசுவோர் அச்சாரம் கொடுக்கின்றனர். அத்தொகை சிறிது, அது கட்டும் சொல் பெரிது. மணவீட்டில் மொய் எழுதுகின்றோம். அஃது அன்பளிப்பும் ஆகும், பெற்றவர் மறவாது திருப்பவேண்டிய கடனும் ஆகும். நூறு ரூபாயோடு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுப்பது உறவு முடிந்துவிடாது தொடர்தல் வேண்டும் என்னும் கருத்தால் என்பர். இறந்தார் நெற்றியிலும் ஒரு காசை வைத்து அனுப்புகின்றோம். இவையெல்லாம் காட்டுவது ஒன்றே. நம் இல்லங்களில் காசு என்பது ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுத்த சொல்லின் உருவம்.

வாழை வரைந்த நோட்டு

இக்கருத்துக்குச் சான்றாக எம் இல்லத்துச் செய்தி ஒன்றைக் கூறுதல் பிழையாகாது என்று கருதுகின்றோம்.

எம் பாட்டனார் மலாயாவில் ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டத்தில் உழைத்த நம் நாட்டுத் தொழிலாளர் பலர், ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்வதாகச் சொல்லித் தம் சேமிப்பை அவரிடம் கொடுத்து வைத்தனர். அதற்குச் சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. கடைப் பேரேட்டில் ஒரு வரி மட்டும் உண்டு. 1942-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மலாயா முழுமையும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அவர்கள் தம் நோட்டை அச்சிட்டு வழங்கினர். பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் வரைந்திருந்ததால் அதனை வாழைமர நோட்டு என்று மக்கள் அழைத்தனர். முதலில் எண்ணிட்டு வந்த நோட்டுகள் பின்னர் எண்ணின்றியே வந்தன. அச்சுப்பொறி ஓடும் விரைவிற்கு ஏற்ப விலைவாசியும் ஓடிற்று.

அந்நாளில் நிகழ்ந்த கொடுமை ஒன்று உண்டு. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் வாங்கியோர் பலர், மதிப்பிழந்த அந்நோட்டைக் கொண்டுவந்து கடனைத் தீர்த்தனர். இராணுவ ஆட்சிக்கு அஞ்சி, மறுப்பதற்கு எவரும் துணியவில்லை. எம் பாட்டனாருக்கு வரவேண்டிய பாக்கிகளும் அவ்வாறே வந்து சேர்ந்தன. "நீரும் உம்மிடம் கொடுத்து வைத்தவர்களை அழைத்து இந்நோட்டையே கொடுத்துக் கணக்கை முடித்துவிடும், நாளை யாரும் கேட்க முடியாது" என்று நண்பர் ஒருவர் அறிவுரை கூறினாராம். "அவர்கள் கொடுத்தது வெள்ளி, நான் கொடுப்பதும் வெள்ளியாக இருக்க வேண்டாவோ?" என்றாராம் பாட்டனார். 1945-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்நோட்டுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டன. கடைப்பெட்டி ஒரே நாளில் காகிதப்பெட்டி ஆயிற்று. ஆட்சிக் காலத்துக் கொடுக்கல் வாங்கல்களை அவ்வக் காலத்து மதிப்பால் அளந்து தீர்க்க 1948-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டமும் பிறந்தது. ஆனால், பேரேட்டின் ஒரு வரியை மட்டும் நம்பிய தொழிலாளர் எந்த மன்றத்துக்குச் செல்வர்?

பாட்டனார் ஊர் திரும்பி இரண்டு மா நன்செய்யை விற்றார். பேரேட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தேடி, நல்ல பணத்தில் கணக்குத் தீர்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. இதனை இல்லத்தார் எல்லோரும் புகழ்ந்தனர் என்று கூறின் அது பொய்யாகும். எம் அத்தையார் மணம் இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று. எம் தந்தையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கடைக்குச் சென்றார். "ஊருக்கு நாணயம், வீட்டுக்கு நோவு" என்று எம் பாட்டியார் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வருத்தமும் அக்கணக்கின் ஒரு பகுதியே; அதனை மறைத்து நாணயத்தை மட்டும் புகழ்தல் நேர்மையாகாது.

அப்பேரேடு இன்று எம்மிடம் உள்ளது. அதனடியில் வாழை வரைந்த நோட்டுக் கட்டும் உள்ளது. ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் "தீர்ந்தது" என்று எழுதியுள்ளார். ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் அவ்வாறு எழுதவில்லை. அவர் 84 வெள்ளி கொடுத்து வைத்தவர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் இட்ட இருப்புப்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மீளாத தமிழர் பல்லாயிரவருள் ஒருவர். ஊர்ப்பெயர் ஏட்டில் இல்லை. உரிமையாளர் எவரும் வரவில்லை. எம் தந்தையார் தம் முதுமையில், அத்தொகைக்கு ஈடாக ஒரு பொருளை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அளித்தார். ஆயினும் அவ்வரியில் "தீர்ந்தது" என்று எழுத அவர் கை துணியவில்லை. எம் கையும் துணியவில்லை.

முடிபுரை

நம் நாட்டிலும் 1946, 1978, 2016 ஆகிய ஆண்டுகளில் உயர்ந்த மதிப்புள்ள நோட்டுகள் செல்லாவென அரசினரால் அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம். இற்றை நாளில் நம் இளைஞர் காசையும் நோட்டையும் தொடாமலே கைபேசியால் பொருள் கொடுத்துப் பொருள் கொள்கின்றனர். உமணரின் நெல் போய்ப் பொன் வந்தது. பொன் போய் வெள்ளி வந்தது. வெள்ளி போய்க் காகிதம் வந்தது. இன்று காகிதமும் போய் வெறும் எண் வந்துள்ளது. பருப்பொருள் குறையக் குறைய, அதன் பின்நிற்கும் சொல்லின் பொறுப்பு மிகுகின்றது. நம் சொல்லில் இரு பொருளும் கூடிநிற்பதன் காரணம் இதுவே என்பது எம் துணிபு.

ஆகவே, நம்மவர்க்கு யாம் வேண்டிக்கொள்வன சிலவே. சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் கணக்கெழுதப் பழக்குக. வாய்ச்சொல்லால் வாங்கிய கடனையும் ஏட்டில் எழுதுக. எழுதியதை இல்லாளுக்கும் மக்களுக்கும் காட்டுக. எளியவர் கொடுத்து வைத்த பொருளை முதலில் தீர்க்க. தாம் வாங்க விரும்பாத காசைப் பிறர்க்குக் கொடாதிருக்க. இவற்றால் செல்வம் பெருகும் என்று யாம் உறுதி கூறோம். எம் இல்லத்தில் பெருகவில்லை. ஆனால், அப்பேரேட்டை எம் பிள்ளைகள் முன் விரித்து வைக்க எமக்கு அச்சமில்லை.